பேனலில் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை: ஃபயர் அலாரம் பேனல் உள்ளே என்ன செய்கிறது?

நிலா_சோழிங்கநல்லூர்:

எங்கள் குடியிருப்பு ஸ்டில்ட்டும் அதற்கு மேல் 9 மாடியுமாக இரண்டு பிளாக். இந்த வருடம் சங்கப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. செக்யூரிட்டி அறையில் ஃபயர் அலாரம் பேனல் இருக்கிறது. அதில் பச்சை விளக்கோடு மஞ்சள் விளக்கும் எந்நேரமும் எரிகிறது. அவ்வப்போது உள்ளிருக்கும் பஸ்ஸர் கத்தும். காவலர் ஒரு பட்டனை அழுத்துவார், சத்தம் நின்றுவிடும். பராமரிப்பு ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "அது ஃபால்ட் லைட்டுதான் மேடம், ஃபயர்னா சிவப்பு எரியும்" என்கிறார்.

இன்று ராத்திரி ஏழாவது மாடியில் தீப்பிடித்தால் மணி அடிக்குமா, அடிக்காதா? இதற்கு நேரான பதிலை யாரும் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பியர்:

மேடம், இதே தொழிலில் இருப்பவன். மஞ்சள் எரிகிறது என்பதை மட்டும் வைத்து அடிக்கும், அடிக்காது என்று சொல்ல முடியாது. பேனலின் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துப் பார்த்து இங்கே அப்படியே எழுதுங்கள். அம்புக்குறி பட்டனை அழுத்தினால் அடுத்தடுத்த வரிகள் வரும். ரீசெட்டை மட்டும் தொடாதீர்கள்.

நிலா_சோழிங்கநல்லூர்:

பார்த்துவிட்டேன். ஃபால்ட் என்று மூன்று வரி: "லூப் 1 ஓப்பன்", "பேட்டரி ஃபால்ட்", "எர்த் ஃபால்ட்". அதற்குக் கீழே டிசேபிள்டு என்று தனியாக இரண்டு வரி: "ஸோன் 4", "சவுண்டர்ஸ்".

கம்பியர்:

கடைசி வரிதான் உங்கள் கேள்விக்குப் பதில். சவுண்டர்ஸ் டிசேபிள்டு என்றால் மாடிகளில் இருக்கும் ஹூட்டர்களை (அலறும் சைரன்களை) யாரோ பேனலிலிருந்தே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏழாவது மாடியில் புகை வந்தால் பேனலில் சிவப்பு எரியும், உள் பஸ்ஸர் கத்தும், காவலருக்குத் தெரியும். தூங்கிக்கொண்டிருக்கும் குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. நாலாவது ஸோனில் (கட்டடத்தைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகளில் ஒன்று) வந்தால் காவலருக்கும் தெரியாது. இன்றைக்கே ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு முதலில் இந்த இரண்டையும் எனேபிள் செய்யச் சொல்லுங்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

இப்போது பேனல் செய்யும் வேலை. பலரும் இதை ஒரு காலிங் பெல் மாதிரி நினைக்கிறார்கள்: புகை வந்தால் சுவிட்ச் போடப்படும், மணி அடிக்கும், அவ்வளவுதான் என்று. அப்படியென்றால் ஒயர் அறுந்துபோனது யாருக்கும் தெரியாமலே வருடக்கணக்கில் கிடக்கும். பேனலின் நேரத்தில் பெரும்பகுதி தன் ஒயர்களைத் தானே சோதிப்பதில்தான் போகிறது. தீ என்பது எப்போதோ ஒரு நாள். ஒயர் சரியாக இருக்கிறதா என்ற கேள்வி ஒவ்வொரு நொடியும்.

பழைய வகையிலிருந்து தொடங்குகிறேன், அது புரிந்தால் புதியது சுலபம். கன்வென்ஷனல் பேனலில் ஒவ்வொரு ஸோனுக்கும் இரண்டு ஒயர் போகும். 24 வோல்ட் டிசி. அந்த இரண்டு ஒயரிலும் வரிசையாக டிடெக்டர்களும் (புகையையோ சூட்டையோ உணரும் கருவிகள்), தீயைப் பார்த்தவர் கண்ணாடியை உடைத்து அலாரம் கொடுக்கும் பெட்டிகளும் இருக்கும். கடைசி டிடெக்டரின் பேஸில் (டிடெக்டரைத் திருகி மாட்டும் அடிப்பாகம்) ஒரு சின்ன ரெசிஸ்டர், ஈஓஎல் (எண்ட் ஆஃப் லைன்) என்போம். 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). அப்படியானால் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கரன்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பேனல் அந்தக் கரன்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 5 இருந்தால் எல்லாம் சரி. பூஜ்யத்துக்கு வந்தால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, மஞ்சள். ஒரு டிடெக்டர் புகையைப் பார்த்துத் தன் உள் ரெசிஸ்டன்ஸைக் குறைத்தால் கரன்ட் பல மடங்கு ஏறும், சிவப்பு. ஒயர் ஷார்ட்டானால் அதைவிடவும் அதிகம் ஏறும், மறுபடி மஞ்சள். ஒரே ஜோடி ஒயரில் ஓடும் கரன்ட்டின் அளவை வைத்தே நாலு நிலையையும் பிரித்துச் சொல்லிவிடுகிறது.

உங்களுடையது "லூப்" என்று காட்டுவதால் அட்ரஸபிள் வகை. அதில் ஒயர் பேனலிலிருந்து கிளம்பி எல்லாக் கருவிகளையும் தொட்டுக்கொண்டு பேனலுக்கே திரும்பி வரும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண். பேனல் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு "எண் 37, உன் அளவு என்ன?" என்று கேட்கும், அது ஒரு எண்ணைத் திருப்பிச் சொல்லும். பிராண்டைப் பொறுத்து ஒரு லூப்பில் 125 முதல் 250 கருவிகள் வரை. முழுச் சுற்றும் சில நொடியில் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும். அதனால்தான் "ஏழாவது மாடி, லிஃப்ட் முன்பு" என்று இடத்தின் பெயரோடு திரையில் வருகிறது.

லூப் ஓப்பன் என்றால் அந்த வட்டம் எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது. பேனல் இரண்டு முனையிலிருந்தும் பேசுவதால் இப்போதைக்கு எல்லா டிடெக்டரும் வேலை செய்யும். உங்கள் ஒப்பந்தக்காரர் "ஃபால்ட் லைட்டுதான்" என்று அலட்சியமாக இருப்பது இதனால்தான். ஆனால் இன்னோர் இடத்திலும் அறுந்தால் இரண்டு வெட்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். தீ பிடித்தால் கேபிள் எரிந்து அறுவது நடக்கக்கூடிய விஷயம்தான். முதல் அறுப்பைச் சரிசெய்யாமல் வைத்திருப்பவர், தீ வரும் நேரத்தில் இரண்டாவதைச் சந்திக்கிறார்.

தறிக்காரன்_ஈரோடு:

கம்பியர் அண்ணே, ஈஓஎல் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். நான் மில் எலக்ட்ரீஷியன். எங்கள் மில்லில் 8 ஸோன் கன்வென்ஷனல் பேனல். மஞ்சள் ஒன்றுகூட எரியாது, பார்க்கவே அழகாக இருக்கும். ஒருநாள் கதவைத் திறந்து பார்த்தால் இரண்டு ஸோனின் ஈஓஎல் ரெசிஸ்டர் பேனலின் டெர்மினலிலேயே முறுக்கி மாட்டியிருக்கிறது. வெளியே போகும் ஒயர் கழற்றி டேப் சுற்றி விடப்பட்டிருக்கிறது. பேனல் பாவம் என்ன செய்யும், 5 மில்லி ஆம்பியர் வருகிறது, எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு ஸோனும் பஞ்சு குடோன்.

கம்பியர்:

தம்பி, இதை நானும் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. இதைக் கண்டுபிடிக்க ஓம் மீட்டர்கூட வேண்டாம். ஸோனின் கடைசி டிடெக்டரைப் பேஸிலிருந்து திருகிக் கழற்றுங்கள். ஒயர் டிடெக்டரின் பேஸ் வழியாகத்தான் தொடர்ந்து போகும்படி மாட்டியிருப்பார்கள், ஆகவே கழற்றினால் மஞ்சள் வந்தே தீர வேண்டும். வரவில்லை என்றால் பேனல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தக்காரர் முன்னாலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள்.

மலர்_ஈசிஈ:

மாணவி, ஒரு சந்தேகம். டிடெக்டர் ஒயரில் எப்போதும் கரன்ட் ஓடுவதால் அறுந்தால் தெரிகிறது, சரி. ஹூட்டர் ஒயரில் அப்படி ஓடினால் ஹூட்டர் அடித்துக்கொண்டே இருக்குமே? ஓடாவிட்டால் அறுந்தது எப்படித் தெரியும்?

கம்பியர்:

நல்ல கேள்விம்மா. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். ஹூட்டருக்குள் ஒரு டயோடு இருக்கும், ஒரு திசையில் மட்டும் கரன்ட்டை விடுவது. சாதாரண நேரத்தில் பேனல் ஹூட்டர் ஒயரில் பிளஸ் மைனஸை மாற்றிப்போட்டுக் கொஞ்சம் கரன்ட் விடும். டயோடு அதை ஹூட்டருக்குள் விடாது. ஆனால் ஒயரின் கோடியில் இருக்கும் ஈஓஎல் ரெசிஸ்டருக்குத் திசை கிடையாது, அது வழியாகக் கரன்ட் சுற்றி வரும், பேனலுக்கு ஒயர் முழுசாக இருப்பது தெரியும். அலாரம் வந்ததும் பேனல் போலாரிட்டியைத் திருப்பிவிடும். இப்போது டயோடு வழிவிடும், 24 வோல்ட் முழுதாகக் கிடைக்கும், ஹூட்டர் அலறும்.

ஹூட்டர் மாற்றும்போது பிளஸ் மைனஸ் மாறினால் சாதாரண நாளிலேயே அது லேசாக முனகும், தீ வரும்போது அடிக்காது. புதிதாக மாட்டிய ஹூட்டர் முனகினால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். (லூப்பிலேயே மாட்டும் ஹூட்டர்களும் இருக்கின்றன, அவற்றை பேனல் எண் சொல்லிக் கூப்பிடும்.)

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்:

எல்லோரும் டெக்னிக்கலாகப் பேசுகிறீர்கள். எங்கள் குடியிருப்பிலும் ஹூட்டரை நிறுத்தித்தான் வைத்திருக்கிறோம், அதற்கு நான்தான் கையெழுத்திட்டேன். கொசுப் புகை அடிக்க மாநகராட்சி வண்டி வந்தால் அடிக்கும். போகி அன்று காலையில் அடிக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அடிக்கும். நடு ராத்திரி அலறியபோது இதய நோயாளி ஒருவர் படியில் இறங்கும்போது விழுந்துவிட்டார். அடிக்கடி பொய்யாக அடிக்கும் மணியை யாரும் மதிப்பதில்லை. நிறுத்தி வைப்பதில் என்ன தப்பு?

கம்பியர்:

ஐயா, நீங்கள் சொல்லும் கஷ்டம் நூற்றுக்கு நூறு உண்மை. மணி அடித்தாலும் யாரும் எழுந்து பார்க்காத கட்டடம், மணி இல்லாத கட்டடத்துக்குச் சமம்தான். ஆனால் ஹூட்டரை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பொய் அலாரத்துக்குக் காரணம் ஹூட்டரில் இல்லை, டிடெக்டர் இருக்கும் இடத்தில் இருக்கிறது.

ஆப்டிகல் ஸ்மோக் டிடெக்டருக்குள் இருட்டான ஒரு சின்ன அறை, அதில் ஓர் இன்ஃப்ராரெட் எல்இடி, அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஓர் உணரி. காற்று சுத்தமாக இருந்தால் உணரிக்கு ஒன்றும் தெரியாது. துகள் நுழைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி உணரியில் விழும். அந்தத் துகள் தீப்புகையா, சாம்பிராணியா, கொசு மருந்தா, வெந்நீர் ஆவியா என்று அந்த அறைக்குத் தெரியாது. சின்னப் பூச்சி உள்ளே புகுந்தாலும் அப்படியே.

ஆகவே சமையலறையில் ஸ்மோக் டிடெக்டர் இருந்தால் அது வைத்தவரின் தப்பு. நம் வீடுகளில் காய்ந்த மிளகாய் தாளித்தாலே போதும், அது அடித்துவிடும். அங்கே ஹீட் டிடெக்டர் வேண்டும், 57 டிகிரி சுற்றுக்கு வந்தால் அடிப்பது. அதிலும் "ரேட் ஆஃப் ரைஸ்" வகையைச் சமையலறையில் தவிர்ப்பது நல்லது, இட்லிப் பானையைத் திறந்து குபீரென்று சூடு ஏறினாலே அது அடிக்கலாம். ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் ஸ்மோக் வகை சரிப்படாது.

அடுத்தது தூசி. டிடெக்டருக்குள் தூசி சேரச் சேர அதன் சாதாரண அளவே மெல்ல ஏறும். அட்ரஸபிள் பேனல் இந்த ஏற்றத்தைக் கவனித்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். ஓர் எல்லைக்கு மேல் முடியாது என்றால் "கிளீன் மீ" மாதிரி ஒரு செய்தி காட்டும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால்தான் சும்மா சும்மா அடிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பயம் இருந்தால் இன்வெஸ்டிகேஷன் டிலே என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஸ்மோக் டிடெக்டர் மட்டும் அடித்தால் முதலில் பேனலில் மட்டும் கத்தும். காவலர் குறிப்பிட்ட நொடிக்குள் அக்னாலெட்ஜ் அழுத்த வேண்டும், அழுத்தாவிட்டால் உடனே எல்லா ஹூட்டரும் அடிக்கும். அழுத்தினால் போய்ப் பார்த்துவர இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். அதற்குள் ரீசெட் செய்யாவிட்டாலோ, இன்னொரு டிடெக்டர் அடித்தாலோ, யாராவது கண்ணாடியை உடைத்தாலோ காத்திருக்காமல் எல்லாம் அடிக்கும். நிறுத்தி வைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே யாரும் எதுவும் செய்யாவிட்டால் முடிவு சத்தம்தான். டிசேபிளில் யாரும் எதுவும் செய்யாவிட்டால் முடிவு மௌனம்.

ஓய்வுபெற்ற_தலைமையாசிரியர்:

இப்படி ஒரு வழி இருப்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். ஆனால் இரவில் ஒரே ஒரு காவலர்தான் இருக்கிறார். அவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வர மூன்று நிமிடம் போதுமா என்பது என் கவலை.

கம்பியர்:

போதாது என்றால் இரவில் டிலேயே வேண்டாம் ஐயா. பல பேனல்களில் பகல், இரவு என்று தனித்தனியாக வைக்கலாம். பகலில் ஆள் இருக்கும்போது டிலே, இரவு பத்து மணிக்கு மேல் நேராக ஹூட்டர். படியில் விழுந்தவர் விஷயத்துக்குப் படிக்கட்டு எமர்ஜென்சி விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

சிராங்கூன்_செல்வம்:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே வணிகக் கட்டடங்களின் பேனல் டிகாம் என்ற கண்காணிப்பு ஏற்பாட்டில் இணைந்திருக்கும். அலாரம் வந்தால் உரிமம் பெற்ற கண்காணிப்பு நிறுவனத்துக்கு சிக்னல் போய், அங்கிருந்து குடிமைத் தற்காப்புப் படைக்கு (இங்கே தீயணைப்பும் அவர்கள்தான்) தகவல் போகும். வீடுகளில் வேறு மாதிரி, 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்கு உள்ளேயே தனிப் புகை அலாரம் கட்டாயம். சென்னையில் பேனல் தானாகத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுமா?

கம்பியர்:

நம் அடுக்குமாடிகளில் பொதுவாக அப்படி இணைப்பு கிடையாது தோழரே. சிலர் ஜிஎஸ்எம் டயலர் மாட்டிச் செயலாளருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் போன் போகும்படி வைத்திருக்கிறார்கள். தீயணைப்புத் துறைக்கு யாராவது கையால் 101 அல்லது 112 அடித்தால்தான் உண்டு. அதனால்தான் காவலருக்குச் சொல்லிக்கொடுப்பது முக்கியம்.

நிலா_சோழிங்கநல்லூர்:

எங்கள் காவலர்கள் எந்தச் சத்தம் வந்தாலும் முதலில் ரீசெட்டைத்தான் அழுத்துகிறார்கள். அது ஏன் தப்பு?

கம்பியர்:

ரீசெட் அழுத்தினால் பேனல் டிடெக்டர்களை அலாரத்திலிருந்து விடுவித்து, திரையைத் துடைத்துப் புதிதாக ஆரம்பிக்கும். எந்த மாடி என்பது கண் முன்னாலிருந்து போய்விடும் (லாக் என்ற பதிவில் இருக்கும், ஆனால் அந்தப் பதற்றத்தில் லாகை யார் தேடுவார்கள்?). உண்மையான தீ என்றால் மறுபடி அலாரம் வரும், அதற்குள் நேரம் போயிருக்கும்.

வரிசை இதுதான். அக்னாலெட்ஜ் அழுத்தி பஸ்ஸரை நிறுத்து. திரையில் இடத்தைப் படி, முடிந்தால் சத்தமாகப் படி. போய்ப் பார், அல்லது ஆளை அனுப்பு. தீ என்றால் இவாக்குவேட் (எல்லோரையும் வெளியேற்று), 101. தீ இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சைலன்ஸ் (ஹூட்டரை நிறுத்துவது). புகை விலகி டிடெக்டர் சுத்தமான பிறகு, கடைசியில்தான் ரீசெட். சைலன்ஸ் செய்த பிறகு வேறொரு ஸோனில் புதிதாக அலாரம் வந்தால் ஹூட்டர் தானே மறுபடி அடிக்கும், அதை மட்டும் காவலர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். "இப்பதான நிறுத்தினேன், மறுபடி ரிப்பேர்" என்று நினைத்து மீண்டும் நிறுத்திவிடுகிறார்கள். அது ரிப்பேர் இல்லை, தீ பரவுகிறது என்ற செய்தியாக இருக்கலாம்.

தறிக்காரன்_ஈரோடு:

பேட்டரி ஃபால்ட் பற்றியும் சொல்லிவிடுங்கள் அண்ணே. எங்கள் ஊரில் பேட்டரிக்கு வோல்ட் மட்டும் பார்த்துவிட்டு ஓகே என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

கம்பியர்:

பேனலுக்குள் 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இருக்கும். சார்ஜர் 27 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடித்து வைத்திருக்கும், ஆகவே மெயின்ஸ் இருக்கும்போது மீட்டர் வைத்தால் செத்த பேட்டரிகூட 27 காட்டும். மெயின்ஸ் எம்சிபியை (பேனலுக்குக் கரன்ட் கொடுக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டு, ஹூட்டரை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வோல்டேஜ் மளமளவென்று சரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கணக்கு எளிது. வழக்கமாக 24 மணி நேரம் சும்மா இருக்கவும், அதன் பிறகு அரை மணி நேரம் அடிக்கவும் தெம்பு வேண்டும். பேனலும் லூப்பும் 0.2 ஆம்பியர் எடுத்தால் 24 மணி நேரத்துக்கு 4.8 ஏஎச் (ஆம்பியர்-மணி). எல்லா ஹூட்டரும் சேர்ந்து 1.5 ஆம்பியர் என்றால் அரை மணிக்கு 0.75. கூட்டினால் 5.55, பேட்டரி பழசாவதற்காக 1.25-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.94. ஆக 7 ஏஎச் பேட்டரி மயிரிழையில் தப்புகிறது. பிறகு இன்னொரு பிளாக் கட்டி அதன் ஹூட்டர்களையும் அதே பேனலில் மாட்டினால்? பேட்டரியை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நிலா மேடம், உங்களுக்கு இரண்டு பிளாக் என்பதால் கேட்கிறேன், இரண்டாவது பிளாக் பிறகு வந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்று, இந்தப் பேட்டரிகளுக்குச் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஜன்னல் இல்லாத செக்யூரிட்டி அறை, சித்திரை வெயில், மீதியை நீங்களே யோசியுங்கள்.

மாடிப்படி_மாலா:

லிஃப்ட் பற்றி யாரும் பேசவில்லையே. அலாரம் வந்தால் லிஃப்ட் என்ன ஆகும்?

கம்பியர்:

பேனலில் காஸ் அண்ட் எஃபெக்ட் என்று ஓர் அட்டவணை எழுதி வைத்திருப்பார்கள். இந்த ஸோனில் தீ என்றால் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கட்டும், படிக்கட்டு பிரஷரைசேஷன் ஃபேன் (படிக்கட்டுக்குள் காற்றை அழுத்திப் புகையை வரவிடாமல் செய்வது) ஓடட்டும், ஏசி காற்றுச் சுற்று நிற்கட்டும், கார்டு காட்டித் திறக்கும் கதவுகளின் பூட்டு விடுபடட்டும் என்று. பேனல் ரிலே மாட்யூல் வழியாக ஒரு சிக்னல் மட்டும்தான் கொடுக்கும், மீதியை லிஃப்ட்காரரும் ஏசிக்காரரும் செய்ய வேண்டும். பிரச்சினை அங்கேதான். அலாரம் ஆள் வந்தால் ஹூட்டர் வரை சோதித்துவிட்டுப் போய்விடுவார், லிஃப்ட் ஆள் லிஃப்டை மட்டும் பார்ப்பார். இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, உண்மையில் ஒரு டிடெக்டரில் சோதனைப் புகை அடித்து, லிஃப்ட் இறங்குகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

நிலா_சோழிங்கநல்லூர்:

எல்லோருக்கும் நன்றி, இதுவரை நடந்ததைச் சொல்கிறேன். ஹூட்டரும் ஸோன் 4-ம் எனேபிள் ஆகிவிட்டன. லிஃப்டிலும் வாட்ஸாப்பிலும் அறிவிப்புப் போட்டு, சனிக்கிழமை காலையில் அடித்துப் பார்த்தோம். ஏ பிளாக் முழுக்கக் கேட்டது. பி பிளாக்கில் மேல் இரண்டு மாடியில் கேட்கவில்லை, அங்கே ஹூட்டர் ஒயர் கழன்றிருந்தது, மாட்டிவிட்டார்கள். லூப் அறுந்தது ஆறாவது மாடி ஃபால்ஸ் சீலிங்கில். யாரோ உள் அலங்கார வேலைக்கு டிரில் போட்டிருக்கிறார்கள். பேட்டரி இரண்டும் புதிது, கம்பியர் சார் கணக்கைக் காட்டி 12 ஏஎச் போடச் சொன்னேன். ஆம், பி பிளாக் பிறகு வந்ததுதான்.

லிஃப்ட் சோதனைக்கு இருவரும் ஒரே நாளில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எர்த் ஃபால்ட் மட்டும் இன்னும் போகவில்லை. "மழைக்காலத்துல வரும், தானா போயிடும்" என்கிறார் ஒப்பந்தக்காரர்.

கம்பியர்:

மழையில் வந்து வெயிலில் போகிறது என்றால் எங்கோ ஈரம் இறங்குகிறது என்று அர்த்தம், தானாகப் போவதாக எண்ண வேண்டாம். பேனலின் 24 வோல்ட்டில் பிளஸும் மைனஸும் எர்த்தைத் தொடாமல் மிதக்க வேண்டும். ஒரு கால் மட்டும் தொட்டால் எல்லாம் வேலை செய்யும், மஞ்சள் எரியும். மற்ற கால் வேறோர் இடத்தில் தொட்டால் ஷார்ட்.

கண்டுபிடிக்கும் வழி: லூப் ஒயரைப் பேனலிலிருந்து கழற்றிவிட்டு, நடுவில் ஒரு டிடெக்டர் பேஸில் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாதியையும் தனியாக மல்டிமீட்டரில் எர்த்தோடு வைத்து அளக்கச் சொல்லுங்கள். எந்தப் பாதியில் ரெசிஸ்டன்ஸ் குறைவோ அதை மறுபடி இரண்டாக. பத்து மாடிக் கட்டடத்தில் அரை நாளில் இடம் கிடைத்துவிடும். மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைப்பதானால் எல்லா டிடெக்டரையும் கழற்றிவிட்டு, பேனலிலிருந்தும் ஒயரை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை கருவியும் போய்விடும். முதலில் மொட்டைமாடி ஹெட்ரூமையும் (படிக்கட்டு போய் முடியும் அறை) ஸ்டில்ட்டில் வெளிச்சுவரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியையும் திறந்து பாருங்கள். மழைத் தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் இறங்கியிருக்கும்.